மூன்றாம் தடவை கேட்கும்வரை கிராண்ட்

உலகத்தில் மற்றவர்களெல்லாம் ‘கிராண்ட்’ என்ற சொல்லைக் கல்யாணத்துக்கும் அரண்மனைக்கும் என்று பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் மேயோ பக்கத்தில் அதை அன்றாடம் போட்டுத் தேய்த்துவிட்டோம். மழை வெறும் தூறலோடு நின்றால் கிராண்ட். பஸ் முக்கால் மணி நேரம் கழித்து வந்தாலும், வந்துவிட்டதே, கிராண்ட். கோடாலி நழுவிக் காலில் வெட்டுப்பட்டவனைத் தூக்க ஓடினால், “விடு விடு, நான் கிராண்ட்” என்பான். பூட்ஸுக்குள் ரத்தம் சளசளத்துக்கொண்டிருக்கும். எங்கள் அயர்லாந்துக்காரர்களின் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கிவிட்டால் பாதிப் பேர் ஊமையாகிவிடுவார்கள்.

ஜார்லத் லவெல் இதில் எங்களுக்கெல்லாம் அண்ணன். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினொரு மாடுகள், சரிவில் கொஞ்சம் மேய்ச்சல் நிலம், தனி வீடு. பர்மிங்காமில் இருக்கும் தங்கை ஞாயிறு தோறும் ஃபோன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள். கிராண்ட் என்பான். வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசி, காலையில் சாக்ஸ் போடப் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த இரண்டு வருடமும் அதையேதான் சொன்னான்.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வரவேண்டும். புது மூட்டு வைப்பார்கள். ஒரு வாரம் அங்கே, பிறகு ஆறு வாரம் வீட்டில். குனியக் கூடாது, சுமக்கக் கூடாது, மாட்டின் பக்கமே போகக் கூடாது. இந்தத் தேதியை விட்டால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டியதுதான். டாக்டர் ஏற்கெனவே ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: இன்னும் ஒரு வருடம் இழுத்தால் மாடுகளை விற்றுவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும்.

மாடுகளை விற்றுவிட்டால் ஜார்லத் என்ன செய்வான்? அதை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. காலையில் எழுந்திருக்க அவனுக்கு வேறு காரணம் கிடையாது.

ஆனால் போகவேண்டுமென்றால் மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூன்று மாடுகள் நிறைமாதச் சினை. அதில் செவலை போன வருடமே கன்று போட முடியாமல் தவித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மாலக்கி டர்கன் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இந்த மாவட்டத்திலேயே மாட்டுக்கு இவ்வளவு இதமான கை வேறு யாருக்கும் கிடையாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரவு பகல் பார்க்காமல் வந்து நிற்பான்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் உதவி கேட்பது என்பது அடுத்தவன் சட்டைப்பையில் கைவிடுவது போல. கேட்டுவிட்டால் அவனால் மறுக்க முடியாதே, பாவம். அதனால் கேட்க மாட்டோம். உதவி வேண்டுமா என்று அவன்தான் கேட்கவேண்டும். முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. கிராண்ட் என்று சொல்லி மறுக்கவேண்டும். இரண்டாவது, மறந்துவிடவில்லை என்று காட்டுவதற்கு, அதையும் மறுக்கவேண்டும். மூன்றாவதுதான் நிஜம். அப்போது, ‘சரி, உனக்குத் தொந்தரவு இல்லையென்றால்’ என்று ஒத்துக்கொள்ளலாம். ஒரு கோப்பை தேநீருக்கும் இதே சட்டம்தான், இடுப்பு மூட்டுக்கும் இதே சட்டம்தான்.

திங்கட்கிழமை ஜார்லத் வேலியோரமாகப் போய் நின்றான். கையில் ஒரு மண்வெட்டிக் காம்பு. மாடு ஓட்டுவதற்காம். உடம்பு முழுக்க அதன்மேல்தான் சாய்ந்திருந்தது.

“காலு எப்படிடா?” என்றான் மாலக்கி.

“கிராண்ட்.”

“பாத்தா அப்படித் தெரியலையே. நெஜமாவா?”

“கிராண்டுன்னு சொல்றேன்ல.”

மாலக்கி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். மூன்றாவது கேள்வி அவன் உதடு வரைக்கும் வந்துவிட்டதை ஜார்லத் பார்த்தான். அந்த நேரம் பார்த்து ஒரு கிடேரி கம்பியை அறுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடியது. “அய்யோ, இந்தச் சனியன்!” என்று மாலக்கி அதன் பின்னால் ஓடினான். மூன்றாவது கேள்வியும் கிடேரியோடு ஓடிப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை ஜார்லத் நேராக மாலக்கியின் வீட்டுக்கே போனான். வாசலில் இடதுபக்கக் கல்தூண் சரிந்து கிடந்தது. டிராக்டர் உரசிவிட்டதாம். சமையலறையில் மாலக்கியின் மனைவி பவுலின் சோடா ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

“டீ போடட்டுமா ஜார்லத்?”

“வேணாம்மா, நான் கிராண்ட். இப்பத்தான் குடிச்சேன்.”

“ஒரு வாய்?”

“இல்லல்ல. கிராண்ட்.”

“அட ஒக்காரு. கெட்டில் கொதிச்சாச்சு.”

“சரி, கொதிச்சாச்சுன்னா குடு.”

இப்படித்தான். தேநீர் விஷயத்தில் பவுலின் ஒருநாளும் தவறியதில்லை. மாலக்கி கோப்பைகளில் ஊற்றினான். பாதி கோப்பைக்கு வெளியே மேசைத்துணியில் போயிற்று.

“கண்ண எங்க வச்சிருக்க மனுசா?” என்றாள் பவுலின்.

“கிராண்ட், கிராண்ட். தொடச்சாப் போச்சு” என்று மாலக்கி தன் சட்டைக் கையாலேயே துடைத்தான். ஜார்லத் அதைக் கவனித்தானா என்றால், இல்லை. அவன் கவனமெல்லாம் தன் இடுப்பில் இருந்தது.

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே மாலக்கி ஆரம்பித்தான். “செவலைக்கு நாள் நெருங்கிடுச்சே. ஒனக்கு ஏதாச்சும் ஒத்தாச வேணுமா?”

“வேணாம்பா, கிராண்ட்.”

“ஒத்தையில சமாளிச்சுக்குவியா?”

“கிராண்டா சமாளிச்சுக்குவேன்.”

ஜார்லத் கோப்பையைக் கீழே வைத்தான். இதோ, இப்போது. பின்கதவு படாரென்று திறந்தது. தபால்காரன் ஃபின்டன் ஒரு கையில் மின்சாரக் கட்டணச் சீட்டோடும், வாய் நிறைய ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து ஆட்டத்தோடும் உள்ளே வந்தான். நடுவரை அரை மணி நேரம் திட்டினான். மாலக்கி அதைவிட அதிகமாகத் திட்டினான். கோப்பை காலியாயிற்று. ஜார்லத் எழுந்து வீட்டுக்குப் போனான். ஃபின்டன்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் பெரிது. வாயைத் திறந்து சொல்லக்கூடாதா, கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று வழியெல்லாம் தன்னையே வைதான்.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தான். வரமுடியாது என்று சொல்லிவிடத்தான். ஜன்னலுக்கு வெளியே செவலை வயிற்றைத் தூக்கிக்கொண்டு நின்று இவனையே பார்த்தது.

“லவெல்தான பேசறது?” என்றாள் மறுமுனையில் இருந்த பெண். அவசரக் குரல், ஆனால் அன்பான குரல். “நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க. நடுராத்திரிக்கு மேல ஒண்ணும் சாப்பிடாதீங்க. செருப்பு, துண்டு எடுத்துக்கங்க. எல்லாம் கிராண்டா?”

“கிராண்ட்” என்றான் ஜார்லத்.

“கிராண்ட், அப்ப நாளைக்குப் பாப்போம்” என்று அவள் வைத்துவிட்டாள்.

ஜார்லத் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ரத்து செய்யக் கூப்பிட்டவன் உறுதி செய்துவிட்டிருக்கிறான். ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம், யோசிப்பதற்கு முன்னால் தானாக விழுந்துவிட்டது. திரும்பக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அந்தப் பெண் மறுபடியும் எல்லாம் கிராண்டா என்றுதான் கேட்பாள்.

மண்வெட்டிக் காம்பை ஊன்றிக்கொண்டு வேலியைச் சுற்றி மாலக்கியின் வீட்டுக்கு நடந்தான். எப்போதும் ஐந்து நிமிடத்தில் போகும் வழி, அன்றைக்கு இருபது நிமிடம் பிடித்தது. சமையலறையில் மாலக்கி, பவுலின், நேற்று மிச்சம் வைத்த திட்டை முடிக்க வந்த ஃபின்டன், மூன்று பேரும் இருந்தார்கள்.

“வா வா. எப்படிடா இருக்க?” என்றான் மாலக்கி, தலையைத் தூக்காமலே.

ஜார்லத் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

“நான் கிராண்டா இல்ல.”

அந்தச் சமையலறையில் அப்படி ஒரு வாக்கியத்தை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. பவுலினின் கையிலிருந்த தட்டு சிங்க்குக்குள் விழுந்தது. ஃபின்டன் தொப்பியைக் கழற்றினான். மாலக்கியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்” என்றான் ஜார்லத். “என் மாடுங்க…” கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்கிற வெட்கத்தில், வந்த வேகத்திலேயே திரும்பி நொண்டிக்கொண்டு போய்விட்டான். பின்னால் பவுலின் சிலுவை போட்டுக்கொண்டு, “கர்த்தரே, எவ்வளவு நாளா உள்ளுக்குள்ள வச்சிருந்தானோ!” என்பது அவன் காதில் விழுந்தது. அதைத் தன் இடுப்பைப் பற்றிச் சொன்னதாகத்தான் ஜார்லத் எடுத்துக்கொண்டான்.

ஃபின்டனுக்கு அன்றைக்கு நாற்பத்திரண்டு வீடுகளில் தபால் கொடுக்க வேண்டியிருந்தது.

மதியம் மூன்று மணிக்கு ஜார்லத் பையில் துண்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது முதல் கார் வந்தது. பிறகு இன்னொன்று. ஜன்னலை எட்டிப் பார்த்தால் ஏழெட்டுக் கார்கள் வரப்போரம் நின்றன. பெண்கள் தட்டுத் தட்டாகப் பன்றிக்கறி ஹாம் சாண்ட்விச்சும் பழக்கேக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார்கள். யார் வீட்டிலோ துக்கம் போலிருக்கிறது, வழி தவறி இங்கே வந்துவிட்டார்கள் என்று நினைத்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பங்குச் சாமியார் கையில் சாகக்கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் செப்போடு உள்ளே வந்து அவன் தோளைத் தொட்டார்.

“தைரியமா இருப்பா. பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறியா, இல்ல முதல்ல பூசிடட்டுமா?”

“எதுக்கு சாமி?”

“எங்க வந்திருக்கு? ஈரல்லயா?”

“இடுப்புல சாமி.”

“இடுப்புல ஆரம்பிச்சதா?”

“ஆரம்பிச்சு அங்கதான் இருக்கு. மூட்டு தேஞ்சு போச்சு. நாளைக்கு மாத்தறாங்க. மாடு பாத்துக்க ஆளில்ல. அவ்வளவுதான்.”

சாமியார் செப்பை மெல்லக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பவுலின் முன்னால் வந்தாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

“அப்ப நீ சாகலையா?”

“இல்ல பவுலின். மன்னிச்சுக்க.”

“ஈஸ்டருக்குன்னு வச்சிருந்த முழு ஹாமையும் வெட்டிக் கொண்டாந்திருக்கேன்டா பாவி!” என்று அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாலக்கி மட்டும் சிரிக்கவில்லை. வெளியே போய்த் தொழுவத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினான்.

திரும்பி வந்து ஜார்லத்தின் முன்னால் நின்றான். “திங்கக்கெழம ரெண்டு தடவ கேட்டேன். நேத்து ரெண்டு தடவ கேட்டேன். மூணாவது கேக்கல. என் தப்புடா.”

“கிடேரி ஓடிச்சு, நீ என்ன பண்ணுவ?”

“கிடேரி போனாப் போவுதுன்னு கேட்டிருக்கணும்” என்றான் மாலக்கி. குரல் உடைந்திருந்தது.

ஹாமை வீணாக்கக் கூடாது என்பதால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பிட்டுக்கொண்டே முறை பிரித்தார்கள். யார் காலையில் தீவனம், யார் மாலையில் தண்ணீர், சினைமாடுகளுக்கு யார் காவல். செவலையை வேறு யாரும் தொடக்கூடாது, அது என் பொறுப்பு என்றான் மாலக்கி. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார் என்றதும், “பவுலின் ஓட்டுவா. நான் மாட்டுக்கிட்ட இருக்கணும்” என்றான். ஜார்லத் சுவரோரம் உட்கார்ந்து, தன் வேலையைத் தன்னைக் கேட்காமல் பங்குபோட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். இத்தனை பேர் தனக்காகக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார்கள் என்று அவனுக்குத் தெரியாது. சாகாமலே அதைப் பார்க்கக் கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னான்.

எட்டாவது நாள் பவுலினின் காரில் திரும்பி வந்தான். இரண்டு கைத்தடிகள், உள்ளே ஒரு புது மூட்டு. பழைய வலி போய்விட்டது. வெட்டித் தைத்த வலிதான் இருந்தது. அது வேறு மாதிரி வலி, நாளுக்கு நாள் குறைகிற வலி. வீட்டுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசைமேல் ரொட்டி இருந்தது. படுக்கை மாடியிலிருந்து கீழறைக்கு வந்திருந்தது. யார் இறக்கினார்கள் என்று கேட்டதற்குப் பவுலின் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

தொழுவத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசல்வரை போனால் தொழுவத்துக்குப் போனதாகாது என்று ஜார்லத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். கதவில் ஓர் அட்டைத்தாளை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். ஏழு விதமான கையெழுத்துகள், பென்சிலில். வியாழன்: எல்லாம் கிராண்ட். வெள்ளி: கருப்பு மாடு கன்று போட்டது, கிடேரி, இரண்டும் கிராண்ட். சனி: கூரைத்தகடு காற்றில் பறந்தது, திரும்ப அடித்துவிட்டோம், கிராண்ட். திங்கட்கிழமைக்கு நேராக மாலக்கியின் கோணல் எழுத்து, கோட்டை விட்டுச் சரிந்து இறங்கியிருந்தது: செவலை. பின்னங்கால் முன்னால் வந்தது. மூன்று மணி நேரம் கயிறு கட்டி இழுத்தோம். மாட்டு டாக்டர் வந்தார். கன்று மூச்சு விடவில்லை, பிறகு விட்டது. கிராண்ட்.

ஜார்லத் அதை இரண்டு தடவை படித்தான். எழுத்துகள் கலங்கின. நன்றி என்று யாரிடமாவது போய்ச் சொன்னால், ‘எதுக்குடா, நாங்க என்ன செஞ்சோம்’ என்று விலகிப்போவார்கள். எங்கள் பக்கத்தில் நன்றியைக் கையில் வாங்கிக்கொள்கிற பழக்கமும் கிடையாது. அதனால் அவன் அந்த அட்டையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். செவலையின் கன்று உள்ளே முட்டி முட்டிப் பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

மாலக்கி வாளியோடு வந்தான். ஜார்லத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் ரொம்பக் கிட்டே வந்த பிறகுதான் மலர்ந்தது. கதவின் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினான். ஒரு சாண் தள்ளி வெறும் பலகையைத் தடவினான். மறுபடி தேடிப் பிடித்தான். வரும் வழியில் மாலக்கியின் வாசலில் வலதுபக்கத் தூணும் சரிந்து கிடந்தது ஜார்லத்துக்கு நினைவு வந்தது. மேசைத்துணியில் ஊற்றிய தேநீரும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு வாரமாகத் தன் மாடுகளைக் காப்பாற்றியவனை ஒருநாளாவது சரியாகப் பார்த்தோமா என்று நெஞ்சு சுட்டது.

“எப்படிடா இருக்க?” என்றான் ஜார்லத்.

“கிராண்ட். நீதான்டா நோயாளி, ஒன்னப் பத்திச் சொல்லு.”

“நெஜமாவே எப்படி இருக்க?”

“அதான் கிராண்டுங்கறேன்ல. தள்ளு, தீவனம் வைக்கணும்.”

ஜார்லத் தள்ளவில்லை. இரண்டு கைத்தடிகளையும் வாசலுக்குக் குறுக்கே வைத்தான். உள்ளே கன்று கத்தியது. பின்னால் வீட்டுக்குள்ளிருந்து பவுலின் ஏதோ கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

“மாலக்கி. எப்படிடா இருக்க?”

மாலக்கி வாளியைக் கீழே வைத்தான். பிறகு அதைக் கவிழ்த்துப் போட்டு, தீவனமெல்லாம் காலடியில் கொட்ட, அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

“கண்ணு தெரியலடா” என்றான். “நடுவுல பூராவும் பொக மாதிரி. செவலைக்குக்கூட கையாலதான் பாத்தேன்.”

“எத்தன நாளா?”

“கிறிஸ்துமஸுக்கு முன்னாடியிருந்து.”

“அடப்பாவி. பவுலின் கேக்கலையா?”

“கேட்டா” என்றான் மாலக்கி. “ரெண்டு தடவ.”